நாவும் முகமும்

பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுக்கண்டம் நமக்கென்று இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுப்புறத்துப் பழமொழி. சென்ற இடத்தின் வழக்கத்தோடு இணங்கிப் போகவேண்டும் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். பிழைப்பின் பொருட்டு வடபுலத்திற்கு வந்து வேரூன்றிய நம் குடும்பங்களில் இதனைக் கேளாது வளர்ந்த பிள்ளைகள் அரியர். கோதுமை ரொட்டியையும் கடுகெண்ணெய்த் தாளிப்பையும் நாம் ஏற்றுக்கொண்டதற்கு இப்பழமொழியும் ஒரு காரணம் எனலாம். ஆயின் இதனைச் சற்று ஊன்றி நோக்குங்கள். நடுக்கண்டம் என்பது சதைப்பற்று மிகுந்த பகுதி. வந்தவன் அதனைத் தனக்கென்று கேட்டுப் பெறுகிறான். தலையும் வாலும் எவருக்கு? பிடித்துச் சமைத்த ஊர்க்காரனுக்குத்தான். பழமொழி வந்தவனின் சாமர்த்தியத்தைப் பேசுகிறது. எதிரே அமர்ந்திருப்பவனின் முகத்தைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

அந்த முகத்தைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். அயலாரின் உணவை ஆர்வத்தின் காரணமாகச் சுவைத்துப் பார்க்கும் ஒருவன் அவர்களுக்கு ஏதேனும் கடமைப்பட்டிருக்கிறானா? எதையும் தின்று பார்ப்பவன் பரந்த மனத்தினன் என்றும், வேண்டாம் என்பவன் குறுகிய மனத்தினன் என்றும் இன்று எளிதாகக் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பு சரிதானா? இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று பிரிட்டன் நாட்டு உணவு. நம் பிள்ளைகளில் பலர் இன்று அங்குப் படிக்கவும் பணியாற்றவும் செல்கின்றனர். அவர்களைக் காணப் பெற்றோரும் உற்றாரும் செல்கின்றனர். உறவினர் அன்பினால் நமக்கும் அவ்வாய்ப்பு ஒருமுறை கிட்டியது. (அரசு ஊழியருக்குரிய விடுமுறைப் பயணச் சலுகை கடல் கடப்பதில்லை என்பதை அன்பர்கள் அறிவர்.)

ஆங்கிலேயரின் உணவு சுவையற்றது என்பது உலகம் முழுவதும் பரவிவிட்ட கருத்து. எல்லாவற்றையும் நீரில் வேகவைத்து, உப்பும் மிளகுத்தூளும் தூவித் தின்பவர்கள் என்று பிரெஞ்சுக்காரர் நகைப்பர், நாமும் நகைப்போம், ஆங்கிலேயரே தம்மைத் தாமே நகைத்துக்கொள்வர். இந்நகைப்பில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அதன் வரலாற்றையும் அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், அந்நாட்டில் உணவுப் பங்கீடு தொடங்கியது. வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி ஆகியவற்றில் தொடங்கிய கட்டுப்பாடு பின்னர்த் தேநீர், பாலாடைக்கட்டி, இறைச்சி எனப் பரவியது. போர் முடிந்த பின்னும் அது நீங்கவில்லை. போர்க்காலத்திலேயே பங்கீட்டுக்கு உட்படாதிருந்த ரொட்டியும், போர் முடிந்தபின் 1946 முதல் 1948 வரை பங்கீட்டில் வைக்கப்பட்டது. இறைச்சிக்கான கட்டுப்பாடு நீங்கியது 1954 ஜூலையில். பதினான்கு ஆண்டுகள் என்பது ஒரு பெண்குழந்தை பிறந்து வளர்ந்து அடுப்படியில் தாய்க்குத் துணைநிற்கும் காலம். ஊருக்கொரு பாலாடைக்கட்டி என்று பெயர்பெற்றிருந்த நாட்டில், போர்க்காலத்தில் பாலின் பெரும்பகுதி ஒரே வகைக் கட்டிக்குத் திருப்பப்பட்டது. மக்கள் அதற்கு இட்ட பெயரே 'அரசாங்கச் செடார்' என்பதாம்! ஒரு தலைமுறையின் கைப்பக்குவம் இவ்வாறு அற்றுப்போனது. பங்கீட்டு அட்டையைக் கையில் பிடித்து மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் வரிசையில் நின்ற நினைவு நம் வீட்டுப் பெரியோர் பலருக்கு உண்டு. அந்நாள்களில் நம் அடுக்களையில் வெந்ததைக் கொண்டு ஒருவன் தமிழர் சமையலை மதிப்பிட்டிருந்தால் நாம் அதனை நியாயம் என்று ஒப்பியிருப்போமா?

கிழக்கு இலண்டனில் விலாங்கு மீனும் பணியாரமும் விற்கும் பழைய உணவகங்கள் சில இன்றும் உள்ளன. பணியாரம் என்றதும் நம் குழிப்பணியாரத்தை நினைக்கவேண்டா. கொத்திய இறைச்சியை மாவுக்கூட்டினுள் வைத்துச் சுட்டது, 'பை' என்பர். அதனோடு மசித்த உருளைக்கிழங்கும், பார்ஸ்லித் தழை கலந்த பச்சைநிறக் குழம்பும் தருவர். அக்குழம்புக்கு 'லிக்கர்' என்று பெயர். பெயரைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை, அதில் மதுவின் வாடையும் கிடையாது. சுவரெங்கும் வெண்ணிற ஓடுகள், சலவைக்கல் மேசைகள், முதுகு நிமிர்ந்த குறுகிய மரப்பலகைகள். தொழிலாளர்கள் விரைந்து உண்டு எழுந்து செல்வதற்கென்றே அமைந்த இடம் என்பது பார்த்ததும் விளங்கும். இக்கடைகளில் பெயர்பெற்ற ஒன்று இத்தாலியிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தாருடையது. இலண்டன் ஏழைகளின் தனியுணவு என்று கூறப்படுவதை விற்றவரும் ஊர்விட்டு வந்தவரே என்பது நம் போன்றோர் நினைவில் கொள்ளத்தக்கது.

விலாங்கைத் துண்டுகளாக நறுக்கி, காடியும் மசாலைப் பொருள்களும் கலந்த நீரில் வேகவைத்து ஆறவிடுவர். மீனிலிருந்து இறங்கும் பசையால் அந்நீர் குளிர்ந்து கட்டியாகிவிடும். கண்ணாடிபோல் நடுங்கும் அக்கட்டியினுள் சாம்பல்நிறத் துண்டுகள் தோன்றும். அதன்மேல் காடி ஊற்றித் தின்பர். மிளகாய் ஊறிய காடியும் மேசையில் உண்டு. மீனைச் சூடாகவும் புளிப்பாகவும் உண்டு பழகிய நம் நாவுக்கு, குளிர்ந்து வழுக்கும் அது எளிதில் இசைவதில்லை. உப்பு குறைவு, முள் மிகுதி. ஆயினும் இரண்டு துண்டுகள் உள்ளே சென்றபின் மீனின் இயல்பான கொழுப்புச் சுவை மெல்லப் புலப்பட்டது என்பதையும் கூறவேண்டும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு, பழமொழியின் பாம்பாகவே நம் முன் வந்து சேர்ந்ததை எண்ணி நமக்குள் நகைத்துக்கொண்டோம்.

அவ்வேளையில் வேறொரு மேசைக்கு இரண்டு இளம் பயணிகள் வந்தமர்ந்தனர். எந்நாட்டவர் என்பது இங்கு வேண்டாதது. ஒருவன் சிறிது எடுத்து வாயிலிட்டான். மற்றவன் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தான். வாயிலிட்டவன் கண்களை இறுக மூடி, நாவை வெளியே நீட்டி, குமட்டுவதுபோல் காட்டினான். இருவரும் சிரித்தனர். படம் சரியாக அமையவில்லை போலும். மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்தான். பின்னர் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து சென்றனர். அவர்களுக்கு அடுத்த மேசையில் ஒரு முதியவர் அதே உணவை உண்டுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் கிண்ணத்தை ஒருமுறை குனிந்து பார்த்தார்; கரண்டியைக் கீழே வைத்தார்; சிறிது நேரம் கழித்து மீண்டும் எடுத்துக்கொண்டார்.

விருந்தோம்பல் பற்றிப் பாடிய வள்ளுவப் பெருந்தகை, வந்தவரின் முகம் எத்துணை மென்மையானது என்பதை அனிச்ச மலரோடு ஒப்பிட்டு உரைத்தார். வீட்டுக்குரியவன் முகம் சற்று மாறினாலும் விருந்தினன் வாடிவிடுவான் என்பது கருத்து. அதன் மறுபுறத்தை அக்குறள் பேசவில்லை. படைத்தவனின் முகமும் அனிச்சமே. தன் உணவை ஒருவன் எவ்வாறு வாயிலிடுகிறான் என்பதை அவன் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பணம் கொடுத்து உண்ணும் கடைகளில் இந்த உறவு இல்லை என்று சிலர் வாதிடலாம். கொடுத்த காசு மீனின் விலை. அடுத்த மேசை முதியவரின் இளமைக்கால நினைவுக்கு அவ்விளைஞர்கள் விலை எதுவும் கொடுத்துவிடவில்லை. தேம்சு ஆற்றில் விலாங்கு மலிந்திருந்த காலத்தில், டச்சுக்காரர் படகுகளிலும் உயிரோடு கொண்டுவந்து விற்ற காலத்தில், அது கூலித் தொழிலாளி குறைந்த செலவில் பெற்ற புலால் உணவு. இன்று ஐரோப்பிய விலாங்கு அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. 2008 முதல் அது மிகக் கடுமையான ஆபத்திலுள்ள இனமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. மலிவாக இருந்தது அரிதாகிவிட்டது; கடைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. வேடிக்கை பார்க்க வருவோரின் காசும் எஞ்சிய கடைகளைத் தாங்கி நிற்கிறது என்பது இதிலுள்ள முரண். ஆதலின் ஆர்வமே தவறு என்று கூற நாம் துணியோம்.

ஸ்காட்லாந்தின் 'ஹாகிஸ்' என்னும் உணவை எடுத்துக்கொள்வோம். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைக் கொத்தி, வெங்காயமும் ஓட்ஸ் குருணையும் கொழுப்பும் மிளகு முதலியவையும் கலந்து, ஆட்டின் இரைப்பையிலேயே அடைத்து வேகவைப்பது அது. அருகில் மசித்த கிழங்குகள் இரண்டு வகை. செய்முறையைக் கேட்டதும் நம்மவர் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். ஆனால் ஆட்டுக்குடலைச் சுண்ணாம்பிட்டுக் கழுவி, சிறுசிறு துண்டுகளாக்கிக் குழம்பு வைத்த பாட்டிமார் எத்தனை வீடுகளில் இருந்தனர்! இரத்தத்தை உறையவைத்து வெங்காயத்தோடு பொரித்துப் பிள்ளைகளுக்கு ஊட்டிய தாய்மார் எத்தனை பேர்! பழைய லங்காஷயரின் பரி நகரம் பன்றி இரத்தத்தில் செய்த கருநிறப் பண்டத்திற்குப் பெயர்பெற்றது. நுரையீரலும் குடலும் இரத்தமும் எந்நாட்டிலும் செல்வர் வேண்டாமென்று ஒதுக்கியவை. ஒதுக்கியதைக் கழுவி உணவாக்கும் அறிவு ஏழைப் பெண்களின் அறிவு. அதைக் கண்டு குமட்டுபவன் தன் பாட்டியின் அடுப்பைப் பார்த்தே குமட்டுகிறான்.

ஹாகிஸுக்கு வாய்த்த நற்பேறு விலாங்குக்கு வாய்க்கவில்லை. ராபர்ட் பர்ன்ஸ் என்னும் உழவர்குடிக் கவிஞர் 1786-இல் அவ்வுணவையே விளித்து ஒரு கவிதை பாடினார். இன்றளவும் அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 25-ஆம் நாளில் ஸ்காட்லாந்து மக்கள் கூடி, குழலிசை முழங்க ஹாகிஸைத் தட்டில் ஏந்திவந்து, அக்கவிதையைப் படித்து, பின்னரே கத்தியை வைப்பர். உலகில் எங்கெங்குக் குடியேறினரோ அங்கெல்லாம் இவ்விழாவை அவர்கள் விடுவதில்லை. அமெரிக்க அரசு 1971-இல் விலங்குகளின் நுரையீரலை உணவில் சேர்ப்பதைத் தடை செய்ததால், மரபுவழி ஹாகிஸ் அந்நாட்டினுள் நுழைய இயலாது போயிற்று. அங்குள்ள ஸ்காட்லாந்து மக்கள் நுரையீரல் நீக்கிய ஒன்றைச் செய்து விழாவை நடத்தினர். வாழையிலை கிடைக்காத ஊரில் தாள் இலை விரித்துப் பொங்கல் விருந்து படைக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இனி, மறுப்பதைப் பற்றிப் பேசவேண்டும். நம்முள் பலர் மரக்கறி உணவினர். புலால் உண்போரிலும் பலர் மாட்டிறைச்சி கொள்ளாதவர். அந்நாட்டு உணவில் இது எளிய செய்தி அன்று. கிறிஸ்துமஸ் நாளில் செய்யும் கரிய பழக்களியில் உலர்திராட்சை இருப்பது கண்ணுக்குத் தெரியும். அதனைப் பிணைக்கும் கொழுப்பு மாட்டின் சிறுநீரகத்தைச் சூழ்ந்த 'சூயட்' என்பது கண்ணுக்குத் தெரியாது. யார்க்ஷயர் பகுதியில் உருளைக்கிழங்கு வறுவலைக்கூட மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகள் பல. பாலாடைக்கட்டிகளிற் பல, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையினால் திரிக்கப்பட்டவை. ஆகவே கேட்டறிய வேண்டியுள்ளது. கேட்பது அவமதிப்பாகுமோ என்று நம் பிள்ளைகள் கூசி, ஒன்று அனைத்தையும் உண்டுவிடுகின்றனர், அன்றேல் அயலார் இல்லத்திற்குப் போவதையே தவிர்த்துவிடுகின்றனர். இரண்டும் ஒரே கூச்சத்தின் இரு வடிவங்கள்.

காந்தியடிகள் 1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்றபோது, புலால் உண்பதில்லை என்று தாய்க்கு வாக்களித்துச் சென்றார். தொடக்கத்தில் பசியோடு அலைந்தார். பின்னர் ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டு மகிழ்ந்தார். அங்கிருந்து தொடங்கி மரக்கறி உணவுச் சங்கத்தில் சேர்ந்து அதன் செயற்குழுவிலும் இடம்பெற்றார். மரக்கறி உணவுக்கென ஒரு சங்கம் இங்கிலாந்தில் 1847-ஆம் ஆண்டிலேயே தோன்றியிருந்தது என்பது பலர் அறியாத செய்தி. வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு சொல்லே அவருக்கு ஆங்கிலேய நண்பர்களைத் தேடித்தந்தது. அனைத்தையும் ஒப்புக்காக உண்டிருந்தால் அந்நாட்டின் ஒரு நல்ல பகுதியை அவர் அறியாமலே திரும்பியிருப்பார்.

கணிதமேதை இராமானுஜனின் வரலாறு இதனினும் நெஞ்சைத் தொடுவது. 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், கல்லூரியின் பொதுக்கூடத்தில் உண்ணாது தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். போர் மூண்டு பொருள்கள் அருகியபோது அவர் பட்ட துன்பத்தை அறிவோம். நோயுற்று 1919-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே மறைந்தார். அவர் கூட்டத்தோடு அமர்ந்து உண்டிருக்கலாமே என்று இன்று கூறுவோர் உளர். எளிதாகக் கூறிவிடுகின்றனர்! ஒருவனுக்கு உணவு ஒழுக்கமாக இருக்கையில் அதனைக் கைவிடச் சொல்வதற்கு நாம் யார்? ஆனால் அவர் வாழ்க்கையில் வேறொரு நிகழ்ச்சியும் சொல்லப்படுகிறது. கேம்பிரிட்ஜில் இந்திய நண்பர் ஒருவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் மற்றொரு பெண்மணியையும் தம் அறைக்கு அழைத்து, தம் கையால் சமைத்து விருந்திட்டார். இரண்டாம் முறை பரிமாறியதை ஏற்ற பெண்கள், மூன்றாம் முறை பரிமாற முற்பட்டபோது போதும் என்றனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. விருந்தினரை அறையிலேயே விட்டு அகன்ற அவர் கேம்பிரிட்ஜை விட்டே சென்றுவிட்டார். சில நாள்கள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து செய்தி வந்தது. எண்களின் ஆழத்தைக் கண்டவர், ஒரு கரண்டி உணவு மறுக்கப்பட்டதைத் தாங்கமாட்டாது போனார். படைத்தவனின் முகமும் அனிச்சம் என்று கூறினோமே, அதற்கு இதனினும் சான்று வேண்டுமா? அப்பெண்கள் செய்தது குற்றமன்று. வயிறு நிறைந்தவர் வேறென்ன சொல்ல இயலும்? எனினும் தாயகத்தை விட்டுத் தொலைவில், தன் கையால் சமைத்ததைத் தவிரத் தன்னுடையது என்று காட்ட ஒன்றுமில்லாத ஒருவனுக்கு அச்சொல் என்னவாகப் பட்டிருக்கும் என்பதை ஊர்விட்டு வந்த நம்மால் உணரமுடியும்.

ஆகவே, ஏற்பதும் மறுப்பதும் தம்மளவில் நன்றும் அல்ல, தீதும் அல்ல என்பது நம் கருத்து. "இதில் மாட்டுக்கொழுப்பு உண்டா, எம் வழக்கத்தில் அதனைக் கொள்வதில்லை" என்று கேட்டு மறுப்பவன், சமைத்தவளோடு ஒரு பேச்சைத் தொடங்குகிறான். அவள் தன் செய்முறையைச் சொல்லத் தொடங்குகிறாள். படம் பிடிப்பதற்காக வாயிலிட்டுக் குமட்டுபவனோ அவளோடு ஒரு சொல்லும் பேசவில்லை. நாவில் பட்டது என்னவோ அவனுக்குத்தான்.

நாவின் தீர்ப்பைப் பெரிதாக எண்ணுவோர்க்கு 'மார்மைட்' பற்றிய ஒரு செய்தியைக் கூறவேண்டும். பீர் வடித்தபின் எஞ்சும் ஈஸ்டைச் செறிவாக்கிச் செய்த கரிய பசை அது. 1902 முதல் பர்ட்டன் நகரில் செய்யப்படுகிறது. ரொட்டியில் மெலிதாகத் தடவித் தின்பர். உப்பும் கசப்பும் கலந்த அதன் சுவையை விரும்புவோர் பாதி, வெறுப்போர் பாதி என்று அதனை விற்போரே விளம்பரம் செய்வதுண்டு. புதிதாக வருவோர்க்கு அதனை ஊட்டி முகம் போகும் போக்கைக் கண்டு நகைப்பது அங்கு ஒரு விளையாட்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி 1928-இல் இந்தியா வந்து, பம்பாய் நெசவாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களிடையே பரவியிருந்த கொடிய சோகை நோயை ஆராய்ந்தார். வறுமையில் உழன்ற அப்பெண்களுக்கு மார்மைட் கொடுத்தபோது நோய் நீங்குவதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த மருந்துப் பொருள் பின்னர் ஃபோலிக் அமிலம் எனத் தெரியவந்தது. இன்று கருவுற்ற பெண்களுக்கு எங்கும் தரப்படும் மாத்திரை அதுவே. பம்பாய் ஆலைப்பெண்களில் எத்தனை பேர் அதன் சுவையை விரும்பியிருப்பர்? அவர்களை எவரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். பசியும் பிணியும் உள்ளவரிடம் சுவையைப் பற்றிக் கேட்பதில்லை; வேடிக்கைக்காகச் சுவைப்பது வயிறு நிறைந்தவர் பெற்ற உரிமை.

நம் உணவும் ஒருகாலத்தில் இவ்வாறு சுவைத்துப் பார்க்கப்பட்டது. ஹன்னா கிளாஸ் என்பவர் 1747-இல் வெளியிட்ட ஆங்கிலச் சமையல் நூலிலேயே இந்திய முறைக் 'கறி' ஒன்று இடம்பெற்றிருந்தது. சென்னையில் ஆண்ட வெள்ளையர் நம் மிளகுத்தண்ணீரைக் கண்டனர். அது அவர்கள் வாயில் 'முல்லிகாட்டானி' ஆயிற்று. கிண்ணத்தில் இறைச்சியும் அரிசியும் ஆப்பிளும் சேர்ந்தன. இருமலுக்கும் செரியாமைக்கும் நம் வீட்டில் வைக்கும் மிளகுரசம், அங்கே விருந்தின் தொடக்கத்தில் பருகும் கெட்டியான சூப்பாக மாறிவிட்டது. அதனை உண்ணும் தமிழர் தம்முடையது என்று எளிதில் அடையாளம் காணமாட்டார். அக்காலத்தில் சென்னை மாகாண அதிகாரிகளுக்கே இச்சொல்லைச் சுருக்கி 'மல்' என்று பட்டப்பெயர் இட்டிருந்தனர் பிற மாகாணத்து வெள்ளையர். தெற்கிலிருந்து வந்தவனை அவன் உண்பதைக் கொண்டு பெயரிட்டு அழைப்பது நாம் வடக்கே வந்தபின் தொடங்கிய வழக்கம் என்று எண்ணியிருந்தோம். அதற்கு நெடுங்கால மரபு உண்டு போலும்!

அவர்கள் ஆர்வத்தோடுதான் சுவைத்தனர். ஆயின் அடுப்படியில் நின்ற சமையற்காரனின் முகத்தை அவர்கள் பார்த்திருக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆட்சி அவர்களுடையது. ஆர்வம் என்னும் குணம் ஒன்றேயாயினும், அதனை உடையவன் எங்கு நிற்கிறான் என்பதைப் பொறுத்து அதன் நிறம் மாறுகிறது. இந்நகரத்துப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் உணவுப் பெட்டியைத் திறந்தபோது புளியோதரையின் மணத்திற்கும், தயிர்ச்சோற்றைக் கையால் பிசைந்து உண்டதற்கும் எழுந்த சிரிப்பை அவர்கள் வீட்டில் வந்து சொல்லியிருக்கின்றனர். சில தாய்மார் அதன்பின் ரொட்டியும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கலாயினர். அதே பிள்ளைகள் இன்று வளர்ந்து இலண்டனிலிருந்து படங்கள் அனுப்புகின்றனர். அவற்றில் ஒரு சிலர் கிண்ணத்தின் முன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனர். நகைப்புக்காகச் செய்ததுதான், பகை ஏதும் இல்லை. புளியோதரையைக் கண்டு சிரித்த பிள்ளைகளிடமும் பகை இருந்திருக்காது.

நாம் தங்கியிருந்த இல்லத்திற்கு அடுத்த வீட்டில் யார்க்ஷயரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நம்மையும் இல்லத்தரசியையும் உணவுக்கு அழைத்தார். அழைக்கும்போதே எதை உண்பீர்கள், எதை உண்ணமாட்டீர்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார்; கோதுமை மாவும் முட்டையும் பாலும் கரைத்த கலவையை மாட்டுக்கொழுப்புக்கு மாற்றாக எண்ணெயில் சுட்டார். கொதிக்கும் எண்ணெயில் ஊற்றியதும் அது கிண்ணம்போல் உப்பி எழுந்தது. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி மிருதுவாகவும் இருந்த அதில் வெங்காயக் குழம்பை ஊற்றி, வேறெதுவும் வைக்காது, முதலில் அதனை மட்டும் பரிமாறினார். அதற்குக் காரணம் கேட்டோம். தம் தாய் அவ்வாறுதான் செய்வார் என்றும், வயிற்றில் மாவு நிறைந்துவிட்டால் பிள்ளைகள் இறைச்சியை அதிகம் கேட்கமாட்டார்கள் என்றும், பின்னால் வரும் சிறு துண்டு எல்லாருக்கும் போதும் என்றும் கூறினார்.

இல்லத்தரசி அதனைக் கேட்டு நிமிர்ந்து அமர்ந்தார். தம் சிற்றூரில் அரிசிச்சோறு என்பது திருநாளில் காண்பது என்றும், அப்போதும் பாட்டி முதலில் கேழ்வரகுக் களியை உருட்டி வைத்துவிடுவார் என்றும், அது இறங்கிய பின்னரே இலையில் ஒரு கைப்பிடி சோறு விழும் என்றும் சொன்னார். மூதாட்டிக்குக் களி என்பது விளங்கவில்லை. கொதிநீரில் மாவைத் தூவிக் கட்டி விழாமல் துடுப்பால் கிண்டவேண்டும் என்று இவர் கைகளை அசைத்துக் காட்டினார். மூதாட்டி எழுந்து சென்று அடுக்களையிலிருந்து ஒரு மரக்கரண்டியைக் கொண்டுவந்து, இத்துணைப் பெரியது போதுமா என்று கேட்டார்.